கம்பிக்கூடு வாரிய கோடை

என் கணவரின் வலது கை மணிக்கட்டோடு போனது வைகை அணைத் தண்ணீருக்குள். அறுத்து எடுத்தது தேனி ஆஸ்பத்திரியில் என்றாலும், போனது தண்ணீருக்குள்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். யாரால் போனது என்றும் சொல்வேன். பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த மனிதரின் பேரப்பிள்ளைகள் கடைவீதியில் இருக்கிறார்கள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

நான் ராயப்பன்பட்டிக்காரி. அங்கே எட்டாவது வரை படித்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் நெல்லும் வாழையும்தான். மீன் என்றால் வெள்ளிக்கிழமை கருவாடு, அவ்வளவுதான். கல்யாணமாகி அணைப்பக்கம் வந்தபோது, பரிசலில் போய் மீன் பிடிக்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்பது பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. அவருடைய அப்பா அணை கட்டும்போது கல் சுமக்க வந்தவர். வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். மகன்கள் இரண்டு பேரும் ஒரே பரிசலில் தொழிலுக்குப் போனார்கள்.

கரையில் மீன் எடுத்தவர் ஒரே முதலாளிதான். ஐஸ் பெட்டி அவருடையது, வேன் அவருடையது, தேனி, போடிக் கடைகளுக்கு மீன் போடுகிறவரும் அவர்தான். எழுபதுகளின் நடுவில் அவர் ஒரு புது வேலை ஆரம்பித்தார். போடியில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர்களில் கழித்துப்போட்ட கம்பி வலைத் தட்டுகளைச் சல்லிசாக வாங்கி வந்து, பட்டறையில் கொடுத்துக் கூடுகளாகச் செய்தார். கோழிக்கூடு அளவு இருக்கும். இரண்டு பக்கமும் புனல் மாதிரி வாய். வாயின் உள்விளிம்பில் வெட்டிய கம்பி முனைகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். மீன் உள்ளே போகும், திரும்ப வராது. மேலே ஒரு கதவு. அதைக் கட்டுக்கம்பியால் முறுக்கி மூடிவிடுவார்கள். உள்ளே கோழிக்குடலைத் தொங்கவிட்டு, கல் கட்டி, கயிற்றின் நுனியில் டயர் டியூப் துண்டை மிதவையாகப் போட்டுப் பரிசல்காரர்கள் தண்ணீரில் இறக்குவார்கள். என் கணவரும் இறக்கியிருக்கிறார். விராலும் கெளுத்தியும் நன்றாகவே விழுந்தன.

அணைக்குள் முன்பு தோப்பும் தோட்டமுமாக இருந்த இடங்கள் உண்டு. மரங்களை வெட்டி எடுத்த பிறகும் அடிமுண்டுகள் தண்ணீருக்குள் நின்றன. கயிறு அதில் சுற்றி அறுந்துவிடும். மிதவை போய்விட்டால் கூடு எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பரிசல்காரர்கள் வந்து சொன்னால் முதலாளி கவலைப்படமாட்டார். "போனா போகுது, வேற ஒண்ணு எடுத்துட்டுப் போலே" என்பார். சல்லிசாகக் கிடைத்த கம்பி, அவருக்கு என்ன?

ஆனால் அந்தக் கூடு கீழே சும்மா கிடக்காது. ஆள் இல்லாமலே பிடிக்கும். உள்ளே போன மீன் செத்து நாறும். அந்த வாடைக்கு இன்னொரு மீன் வரும். செத்ததைத் தின்ன ஆமை வரும். ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வர முடியாமல் அதுவும் சாகும். அதைத் தின்ன வேறொன்று வரும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது என் கணவரின் கைதான்.

அன்று அவருடைய வலை ஒரு மரமுண்டில் மாட்டிக்கொண்டது. வழக்கமாகச் செய்வதுபோல முங்கி எடுக்கப் போனார். கலங்கல் தண்ணீர், தடவித்தான் பார்க்க வேண்டும். வலையைப் பிடித்து இழுத்தவருடைய கை, வலைக்கு அடியில் கிடந்த பழைய கூட்டின் வாய்க்குள் போய்விட்டது. கம்பி முனைகள் உள்நோக்கி இருப்பதால், வெளியே இழுக்க இழுக்க அவை சதையில் ஏறின. மூச்சு முட்டியதில் மிருகம்போல இழுத்திருக்கிறார். கல் கட்டியிருந்த கயிறு இற்றுப்போயிருந்ததால் கூடும் சேர்ந்து வந்தது. பரிசலில் இருந்த அவருடைய அண்ணன் இரண்டையும் சேர்த்துத்தான் மேலே தூக்கினார். கரைக்கு வந்தபோது கூடு இன்னும் கையில்தான் இருந்தது. துரு ஏறிய கம்பியை வெட்டி வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தக் கூட்டுக்குள் இரண்டு ஆமை ஓடுகள் கிடந்தன. அதை நான் பார்த்தேன், ஆனால் அப்போது மனதில் பதியவில்லை.

சீழ் வைத்துவிட்டது. கையா உயிரா என்று கேட்டார்கள். உயிரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அவர் எழுந்து உட்கார்ந்த வாரம், நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். கரையில் தராசுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பரிசல்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். என் கணவரின் அண்ணனும் நின்றார்.

"மொதலாளி, உங்க கூட்டுல மாட்டித்தான் அவுக கை போச்சு" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "என் கூடுன்னு அதுல எழுதியிருக்காத்தா?" என்றார்.

"இந்தக் கம்பியில கூடு வேற யாரு செய்றாக?"

"யாரு செஞ்சா எனக்கென்ன? தண்ணிக்குள்ள கைய விடுறவன் பாத்து விடணும்." பிறகு ஆள் பக்கம் திரும்பி, "ஏலே, ரெண்டு கெண்டைய எடுத்து அந்தப் புள்ள கையில குடுத்து அனுப்பு. குழம்பு வச்சு சாப்பிடட்டும்" என்றார்.

பரிசல்காரர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். என் கணவரின் அண்ணன் தன் காலைப் பார்த்தார். நான் அந்த இரண்டு கெண்டைகளையும் வாங்கி, முதலாளியின் நாற்காலிக்கு முன்னால் படுத்திருந்த நாய்களுக்குப் போட்டேன். அவை தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

தவக்காலம் வந்தது. ராயப்பன்பட்டிக்குப் போயிருந்தபோது பங்குச் சாமியார் எல்லாம் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மன்னிச்சிரும்மா. மனசுல வச்சுக்கிட்டே இருந்தா உனக்குத்தான் பாரம்" என்றார்.

"அவுக இன்னும் மன்னிப்புக் கேக்கலையே சாமி."

"கேக்காட்டியும் மன்னிக்கிறதுதானம்மா நம்ம வேதம்."

"மொதல்ல கேக்கட்டும் சாமி. அப்பறம் பாப்போம்."

அவர் என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். எனக்குப் பாரமாகவும் இல்லை. அந்தக் கோபம் இல்லையென்றால் நான் அந்த நாட்களில் காலையில் எழுந்தே இருக்கமாட்டேன்.

அந்தக் கோடையில் அணைத் தண்ணீர் நன்றாக வற்றியது. ஓரங்களில் சேறு வெடித்து, அங்கங்கே மரமுண்டுகள் தலை நீட்டின. அவர் கை போன பிறகு நான் கூடையில் சில்லறை மீன் விற்கத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் மீன் கூடையோடு கரை வழியாக வரும்போது, சேற்றில் பாதி புதைந்து ஒரு கம்பிக்கூடு தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன். உள்ளே எலும்பும் செதிலும் ஓடும். அதே ஏலக்காய்த் தட்டுக் கம்பி. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எழுதியிருக்கா என்று கேட்டாரே, அவர் போட்டதையெல்லாம் எடுத்து அவர் வாசலிலேயே கொட்டுவது என்று.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டி ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கினேன். பரிசல் தள்ள என் கணவரின் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"மொதலாளிய பகைச்சுக்கிட்டு நாங்க எங்கன போயி மீன் போடுறது? வேணாம் ஆத்தா" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் அவரிடம் பல நாள் நான் பேசவில்லை, சோறும் போடவில்லை.

"பரிசல நான் தள்ளுறேன்" என்று என் கணவரிடம் சொன்னேன். "முண்டு எங்கன எங்கன இருக்குன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

"ஒனக்கென்ன கிறுக்கா புள்ள? பொம்பள பரிசல் தள்ளுனா ஊரே சிரிக்கும்."

"கை போனதுக்கே யாரும் அழுகல. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக."

அவர் வந்தார். பரிசல் முதலில் நின்ற இடத்திலேயே சுற்றியது. கரையில் நின்றவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஒரு வாரத்தில் துடுப்பு என் பேச்சைக் கேட்டது. அவர் இடது கையால் இடம் காட்டுவார். நான் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி அடிமட்டத்தில் இழுப்பேன். கொக்கி எதிலாவது மாட்டும். சில நேரம் வேர், சில நேரம் கூடு. கனத்தைப் பார்த்தே எது என்று சொல்ல விரைவில் பழகிவிட்டேன். கயிறு அறுத்து என் உள்ளங்கைகள் புண்ணாயின.

வந்த கூடுகளில் இருந்ததையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஆமைகள்தான் அதிகம். சில கூடுகளில் நீர்க்காகம் கழுத்தை நீட்டியபடி செத்திருந்தது. உயிரோடு இருந்த விராலையும் கெளுத்தியையும் தண்ணீரிலேயே விட்டேன். இரக்கத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். முதலாளி கூட்டில் விழுந்த மீன் எனக்கு வேண்டாம் என்றுதான்.

ஒரு கூட்டில் நீர்நாய் இருந்தது. புதிதாகச் செத்தது. பரிசல்காரர்களுக்கு நீர்நாயைக் கண்டாலே ஆகாது. வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிடும். என் கணவர் அதைத் திட்டாத நாள் இல்லை. இதைப் பரிசலுக்குள் தூக்கி வைத்தபோது அவர் குனிந்து பார்த்தார். கூட்டின் கம்பியைக் கடித்துக் கடித்து அதன் முன்பற்கள் உடைந்திருந்தன. ஒரு முன்னங்கால் கூட்டின் வாய்க்குள் சிக்கி, கம்பி எலும்புவரை ஏறியிருந்தது.

"இதுவும் என்னைய மாதிரிதான் இழுத்திருக்கு" என்றார். பிறகு, "எனக்காச்சும் எங்கண்ணன் இருந்தாரு" என்றார்.

அதுவரை என்னைக் கிறுக்கு என்றவர், அன்றைக்குப் பிறகு எனக்கு முன்னால் பரிசலில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு கூடு வந்தது. அது சுத்தமாக இருந்தது. பாசி பிடித்திருந்ததே தவிர உள்ளே ஒரு எலும்பு இல்லை, செதில் இல்லை. கதவு திறந்து தொங்கியது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவோரத்தில் ஒட்டியிருந்த நாரைப் பிய்த்தார்.

"இது நான் எறக்குன கூடு" என்றார். "அன்னிக்குக் கட்டுக்கம்பி தீந்து போச்சு. பரிசல்ல கெடந்த தேங்கா நார்க் கயித்த எடுத்துக் கட்டுனேன். கயிறு இத்துப்போயி கதவு தெறந்துக்கிருச்சு."

"அப்ப உள்ள போனதெல்லாம்?"

"வந்த வழியா போயிருக்கும்."

நான் அந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சாண் தேங்காய் நார்க் கயிறு. கம்பிக்குப் பதில் அதைக் கட்டியிருந்தால், தொலைந்த கூடு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகத் திறந்திருக்கும். உள்ளே பிணம் சேராது. வேறொன்றும் தேடி வராது. மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் நிம்மதி வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. இவ்வளவு லேசான காரியத்தைக்கூட அந்த மனிதர் யோசிக்கவில்லையே என்று நினைக்க நினைக்க, முன்பு இருந்த கோபம் இரண்டு மடங்கு ஆனது.

முதலாளி அணை ரோட்டில் ஒரு மாடி வீடு கட்டி முடித்திருந்தார். பால் காய்ச்சுக்குத் தேதி வைத்திருந்தார். தேனி, போடிக் கடைக்காரர்களுக்கெல்லாம் அழைப்பு. நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். ஒரு மாட்டுவண்டியில் கூடுகளை ஏற்றிக்கொண்டு, பொழுது விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் போய், பஸ் நிற்கிற இடத்திலிருந்து அவர் வீட்டு வாசல் வரை ரோட்டோரமாக வரிசையாக வைத்தேன். நீர்நாய் இருந்த கூட்டை வாழைமரம் கட்டிய வாசலுக்கு நேர் எதிரே வைத்தேன். கோடை வெயில் மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டது. பட்டுச்சேலை கட்டி வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியிலேயே நின்றார்கள்.

நெற்றியில் சந்தனமும் புது வேட்டியுமாக முதலாளி வெளியே வந்தார்.

"என்னத்தா இது? எடு எல்லாத்தையும்! இல்லாட்டி போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க மொதலாளி. கூடு யாருதுன்னு மொதல்ல கேப்பாக. உங்களுதுன்னா, எங்க வீட்டுக்காரரு கை யாரால போச்சுன்னு அவுக முன்னாடி சொல்லுங்க. உங்களுது இல்லேன்னா, அது நான் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த கூடு. பொது ரோட்டுல நான் எங்கன வேணாலும் வைப்பேன்."

சுற்றி நின்ற கடைக்காரர்கள் அவரையே பார்த்தார்கள். அவர் மீனை வாங்கி விற்கிறவர்கள் அவர்கள். இந்தக் கூட்டில் எடுத்த மீனா என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. முதலாளி காதிலும் விழுந்தது.

அப்போது அவருடைய மனைவி வந்தார். நான் அதுவரை அவரோடு பேசியதில்லை. நேராக நீர்நாய் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இது என்னத்தா, நாயா?"

"நீர்நாய்ங்கம்மா."

"வாயெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"கம்பியக் கடிச்சிருக்கு. வெளிய வரப் பாத்திருக்கு."

வண்டிக்குப் பக்கத்தில் நின்ற என் கணவரையும், துண்டு சுற்றியிருந்த அவருடைய கையையும் அந்த அம்மா பார்த்தார். பிறகு தன் கணவரிடம் திரும்பினார். "இதத் தாண்டி ஒருத்தியும் பால் குடிக்க உள்ள வரமாட்டா. இந்தப் புள்ள என்ன கேக்குதோ அதச் செஞ்சு தொலைங்க."

நான் கேட்டேன். எல்லாக் கூட்டிலும் கட்டுக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, கதவை நார்க் கயிற்றால் கட்ட வேண்டும். கூட்டின் வாயில் நீட்டியிருக்கும் முனைகளை மடக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டிலும் அவர் பெயரின் முதலெழுத்தைச் சிவப்புப் பெயின்டில் எழுத வேண்டும். முண்டு இருக்கிற இடத்தில் கூடு இறக்கக்கூடாது. மிச்சம் கீழே கிடப்பதை அவருடைய ஆட்களே வார வேண்டும்.

"சரி, ஆள விட்டுச் செய்யச் சொல்றேன். இப்ப எடு" என்றார்.

"மொதக் கூட்ட நீங்க செய்யுங்க மொதலாளி. உங்க கையால. நான் பாக்கணும்."

கம்பி வெட்டும் குறடு ஒன்றை நான் மடியிலேயே கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி புது வேட்டியை மடித்துக்கொண்டு ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்தார். முறுக்கிய கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. குறடு பிடிக்கவே அவருக்குத் தெரியவில்லை. நாற்றத்தில் இரண்டு முறை குமட்டினார். கம்பியை வெட்டியபோது அது துள்ளி அடித்து உள்ளங்கையைக் கிழித்தது. வேட்டியில் ரத்தம் சொட்டியது.

"போதும், வா" என்றார் என் கணவர்.

"இன்னும் வாய்ப்பக்கம் முனைய மடக்கணும்" என்றேன். முதலாளி அதையும் மடக்கி முடிக்கும்வரை நான் நகரவில்லை. எனக்கு அன்று பசியே எடுக்கவில்லை, அவ்வளவு நிறைவாக இருந்தது.

அவர் சொன்னபடி செய்தார். செய்யாவிட்டால் இன்னொரு வண்டி வரும் என்று அவருக்குத் தெரியும். பரிசல்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். நார்க் கயிற்றை அடிக்கடி மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறதே என்று. என் கணவரின் அண்ணன்தான் அவர்களிடம் பேசினார். "எந்தம்பி கைய வெட்டுறப்ப நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன்டா. கயிறு மாத்துறது உங்களுக்குப் பெரிய வேலையாப் போச்சோ?" என்றாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகு அவருக்கு நான் மறுபடியும் சோறு போட்டேன்.

அடுத்தடுத்த கோடைகளில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் நாங்கள் பாதாளக்கரண்டியோடு போனோம். பிறகு மற்றப் பரிசல்களும் வந்தன. சிவப்பெழுத்துக் கூடுகள் சில அப்போதும் தொலையத்தான் செய்தன. ஆனால் கிடைத்தவை கதவு தொங்கிக்கொண்டு காலியாகக் கிடைத்தன. நீர்நாய்கள் பெருகின. என் கணவரின் வலைகளைக் கிழித்தன. அவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு இடது கையால் பின்னியபடியே அவற்றைத் திட்டினார்.

எண்பதுகளில் யாரோ படித்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, எனக்கு உயிர்கள் மேல் ரொம்ப இரக்கம் என்று பாராட்டினார்கள். இல்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

முதலாளியைக் கடைசியாகப் பார்த்தது ஆண்டிபட்டியிலிருந்து வந்த பஸ்ஸில். வியாபாரம் மகன் கைக்குப் போயிருந்தது. வயதாகி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் என் காலி மீன் கூடையை வைத்திருந்தேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னும் கோவமாத்தா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்பாரோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூடையை நான் எடுக்கவில்லை. தேனி வரை நின்றுகொண்டே வந்தார்.